முழங்கைச் சத்திரசிகிச்சை: எப்படிப் படுக்க வைப்பார்கள்?

முழங்கை எங்காவது இடிபட்டால் சுண்டுவிரல் வரை மின்சாரம் பாய்ந்தது போல் இருப்பதை நாம் எல்லோரும் அறிவோம். அல்னார் நரம்பு அங்கே தோலுக்கு மிக அருகில் செல்வதே காரணம். மூட்டின் முன்புறத்திலும் மீடியன், ரேடியல் என்ற இரு முக்கிய நரம்புகள் உள்ளன.

1931இல் அமெரிக்க வைத்தியர் மைக்கேல் பர்மன், முழங்கை மூட்டு மிகக் குறுகியது, உள்நோக்குக் கருவிக்கு ஏற்றதல்ல என்று எழுதினார். இன்றோ சிறு துளைகள் வழியே ஏறக்குறைய 4 மில்லிமீற்றர் பருமனுள்ள கருவியைச் செலுத்தி, உதிர்ந்த எலும்புத் துண்டுகளை அகற்றுகிறார்கள். இறுகிய மூட்டைத் தளர்த்துகிறார்கள். இதுவே ஆர்த்ரொஸ்கோப்பி.

முதலில் முழங்கையை 90 பாகை மடித்து, மூட்டினுள் உப்புநீர் ஏற்றுவார்கள். அப்போது முன்புற நரம்புகள் எலும்பிலிருந்து சற்று விலகும். ஆகவே கை எந்த நிலையில் இருக்கிறது என்பது மிக முக்கியம். நோயாளியைப் படுக்க வைக்கும் முறைகள் மூன்று:

1. மல்லாந்து: சுவாசத்தைக் கவனிப்பது இலகு. ஆனால் கையைத் தூக்கிக் கட்ட வேண்டும், அது ஆடும். மூட்டின் பின்புறத்தில் வேலை செய்வது கடினம்.

2. குப்புற: கை மேசையோரம் தொங்கும், பின்புறம் நன்கு தெரியும். ஆனால் சுவாசத்தைக் கவனிப்பது கடினம். உடல் பருமன், நுரையீரல் நோய் உள்ளவர்களுக்குச் சிரமம்.

3. ஒருக்களித்து: நோயுள்ள கை மேற்பக்கம் இருக்கும். மேற்கையை மெத்தை சுற்றிய தாங்கியில் வைத்து முன்கையைத் தொங்கவிடுவார்கள். முதலிரு முறைகளின் நன்மைகளும் பெருமளவு கிடைக்கும். கீழ்ப்பக்கத் தோளும் கால்களும் அழுந்தாமல் மெத்தைகள் வைப்பார்கள்.

எந்த முறை என்பதை வைத்தியர் தீர்மானிப்பார். ஆனால் அவருக்கு வேண்டிய தகவலை நாம்தான் கொடுக்க வேண்டும். கழுத்து, தோள் வலி, நித்திரையில் மூச்சுத் தடைப்படுதல், முன்பே உள்ள விரல் விறைப்பு ஆகியவற்றைச் சொல்லுங்கள். முன்னர் அல்னார் நரம்பை இடம் மாற்றிச் சத்திரசிகிச்சை செய்திருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். நரம்பு வழமையான இடத்தில் இல்லை என்பது தெரியாமல் துளையிட்டால் அது காயப்படலாம்.

எமது பெரியவர்கள் பலர் மொழி விளங்காதபோதும் தலையாட்டி விடுகிறார்கள். வைத்தியசாலையில் மொழிபெயர்ப்பாளரைக் கேட்கத் தயங்க வேண்டாம்.

விறைப்பு ஊசி போட்டிருந்தால் கை சில மணி நேரம் மரத்திருக்கும். வைத்தியர் கூறிய நேரம் கடந்தும் விரல்கள் விறைத்திருந்தால், அல்லது மணிக்கட்டை நிமிர்த்த முடியாவிட்டால், அடுத்த சந்திப்பு வரை காத்திராமல் உடனே அறிவியுங்கள்.