ஆட்டிசமும் பாலின வேறுபாடும்

மாந்தர் அனைவரும் ஓர் அச்சில் வார்க்கப்பட்டவரல்லர். இவ்வுண்மையை நாவால் ஒப்பும் நாம், வேறுபட்ட ஒருவரை எதிரே காணுங்கால் அதனை மறந்துவிடுகின்றோம். ஆட்டிசம் உடையார்க்கும், பாலீர்ப்பாலும் பாலின அடையாளத்தாலும் வேறுபட்டார்க்கும் நேர்வது இதுவே. இவ்விரு வேறுபாடும் ஒருவரிடத்தே ஒருங்கமைதலும் உண்டு. அதனை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

ஆட்டிசமாவது மூளையின் வளர்ச்சி இளமை தொட்டே வேறுவகையாய் அமைதல். பிறரொடு பழகும் முறையும், ஒலி, ஒளி முதலியவற்றை உணரும் அளவும் இவர்க்கு வேறுபடும். 1943-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பால்டிமோர் நகரத்து மருத்துவர் லியோ கானர் 11 குழந்தைகளை ஆராய்ந்து இதனை விரித்தெழுதினார். பாலீர்ப்பாவது ஒருவர்க்கு எப்பாலார்மேற் காதல் எழுகின்றது என்பது. பாலின அடையாளமாவது ஒருவர் தம்மை ஆணென்றோ, பெண்ணென்றோ, பிறிதென்றோ அகத்தே உணர்வது.

2020-ஆம் ஆண்டில் கேம்பிரிட்ஜ் ஆராய்ச்சியாளர் 6 லட்சத்திற்கு மேற்பட்டோரைப் பற்றிய விவரங்களை ஆராய்ந்தனர். திருநர் முதலியோரிடத்தே ஆட்டிசம் ஏனையோரினும் 3 முதல் 6 மடங்கு மிகுந்திருத்தலை அவர் கண்டனர். ஆட்டிசம் உடையாரிடையே தன்பாலீர்ப்பு முதலியன மிகுதியென வேறு ஆய்வுகளும் காட்டுகின்றன. ஊர்வழக்கிற்குக் கட்டுப்படாத இயல்பினராதலின் இவர் தம் உள்ளத்தை மறையாது உரைக்கின்றனர் என்பார் சிலர். எனினும், ஒன்று மற்றொன்றிற்குக் காரணமெனக் கொள்ளற்க. மழைக்காலத்தே குடையும் தவளைக்குரலும் ஒருங்கே மிகும். அதுகொண்டு குடையே தவளையைக் கத்துவித்தது என்பாருளரோ? திருநர் பலர்க்கு ஆட்டிசம் இல்லை. ஆட்டிசம் உடையார் பலர் திருநரும் அல்லர்.

இங்கே அஞ்சத்தக்கது ஒன்றுண்டு. "இவர்க்கு ஆட்டிசம், தம்மைத் தாம் அறியார்" என்று கூறி, ஒருவர் தம்மைப்பற்றி உரைப்பதைத் தள்ளிவிடுதலே அது. சொல்லில் தடுமாறுவோர் உணர்விலும் தடுமாறுவர் என்பது பொருந்தாது. ஆட்டிசக் குழந்தைகளைப் பரிசும் தண்டனையுங் கொண்டு பழக்கிய உளநூலார் லோவாஸ், 1974-இல் ரெக்கர்ஸ் என்பவரொடு கூடி, பெண்மைச் சாயலுடைய ஒரு சிறுவனையும் அவ்வகையிலேயே மாற்ற முயன்றதை எழுதி வெளியிட்டார். இருவேறு இயல்பையும் ஒரே கோல்கொண்டு நிமிர்த்த முயன்ற வரலாறு இது. பாலீர்ப்பையும் பாலின அடையாளத்தையும் மருத்துவத்தால் மாற்ற முயலுதலைத் தடுக்குமாறு 2021-இல் சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட்டமை ஈண்டு நினையத்தக்கது.

ஆதலின் ஆசிரியரும் மாணவ நண்பரும் செய்யத்தக்கன சில. குறிப்பாகப் பேசாது நேர்ச்சொல்லில் வினவுக. விடைக்கு நேரம் தருக. எழுதிக்காட்ட விரும்புவார்க்கு இடந்தருக. அவர் நம்பி உரைத்ததை, அவர் இசைவின்றிப் பிறரிடம் உரையற்க. ஒருவர் தம்மைப்பற்றிச் சொல்வதைப் பொறுமையுடன் கேட்டலே அவரை அறிதற்கு முதற்படியாம்.