பழைய புகைபோக்கி அடுப்பு: செப்பனிடுவதா, இடித்துக் கட்டுவதா?

பெங்களூரு இந்திய விஞ்ஞானக் கழகத்தில் கிராமங்களுக்கேற்ற தொழில் நுட்பத்தை ஆராய 1974-ல் 'அஸ்த்ரா' என்னும் பிரிவு நிறுவப்பட்டது. அங்கு உருவான மூன்று பாத்திர அடுப்புக்கு 'அஸ்த்ரா ஒலெ' என்று பெயர். ஒலெ என்பது அடுப்பைக் குறிக்கும் கன்னடச் சொல்லாகும். மூன்று கல் அடுப்பில் விறகின் வெப்பத்தில் ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்கே பாத்திரத்தைச் சேர்கிறது. நன்கு கட்டிய ஒலெயில் மூன்றில் ஒரு பங்கு வரை சேரும். புகையும் கூரைக்கு மேலே போய்விடும்.

1983-ல் தொடங்கிய தேசிய மேம்பட்ட அடுப்புத் திட்டத்தின் கீழ் இத்தகைய அடுப்புகள் பல மாநிலங்களில் கட்டப்பட்டன. 2002-ல் அத்திட்டம் முடிவுற்றது. பராமரிப்பின்றிப் பழுதான அடுப்பைக் கைவிட்டுப் பழைய கல் அடுப்புக்கே திரும்பிய குடும்பங்கள் அநேகம். அத்துடன் புகையும் அடுக்களைக்குத் திரும்பிற்று. தாய்மாருக்கு நாட்பட்ட மார்புச்சளி, குழந்தைகளுக்கு நிமோனியா ஆகியவற்றின் அபாயம் இதனால் மிகுகிறது.

புகை அறைக்குள் திரும்பினால் அடுப்பே கெட்டுவிட்டதென்று முடிவு செய்வது தவறு. பெரும்பாலும் குற்றம் புகைக்கரியில்தான். பாத்திரங்களுக்கு இடையிலுள்ள வழியும் புகைபோக்கியும் அடைபட்டால் இழுப்பு குறையும். பாத்திரத்தைச் சுற்றி இடைவெளியோ சுவரில் வெடிப்போ இருந்தால் குளிர்ந்த காற்று உட்புகுந்து, புகையைக் குளிர்வித்து, இழுப்பை மேலும் கெடுக்கும். எனவே முதலில் கரியை அகற்றி, வெடிப்பைக் களிமண்ணால் பூசி, உடைந்த கம்பித்தட்டை மாற்றுதல் வேண்டும்.

பிறகு சோதனை. மூன்று பாத்திரங்களிலும் சேர்த்து 10 லிட்டர் நீர் வைத்து, 1 கிலோ உலர்ந்த விறகைக் கரி மிஞ்சாமல் எரிக்கவேண்டும். அதன் வெப்பம் சுமார் 3,600 கிலோ கலோரி. நீரின் வெப்பநிலை சராசரி 60 டிகிரி உயர்ந்து, 1 லிட்டர் ஆவியானால், பயன்பட்டது 600-உம் 540-உம் சேர்ந்து 1,140 கிலோ கலோரி. அதாவது 32 சதவிகிதம். உயர்வு 45 டிகிரி, ஆவியானது கால் லிட்டர் எனில் 585, 16 சதவிகிதமே. பள்ளி மாணவர்களும் செய்யத்தக்க கணக்கு இது.

செப்பனிட்ட பின்னரும் இரண்டாவது நிலையே நீடித்தால் அடுப்பின் உள்ளளவு மாறிவிட்டதென்று கொள்ளலாம். மண் உதிர்ந்து தீக்குழி அகன்றிருக்கும். அல்லது ஆண்டுதோறும் பூசிப் பூசி வழி குறுகியிருக்கும். வீட்டார் பாத்திரத்தை மாற்றியிருப்பதும் உண்டு. இங்கு மேற்பூச்சு பயன் தராது. இப்போது புழங்கும் பாத்திரங்களை அளந்து புதிதாகக் கட்டுவதே முறை. அடித்தளத்தில் நீர் ஊறி மண் இளகிய அடுப்பும் அவ்வாறே.

பழைய புகைபோக்கி கல்நார் சிமெண்டுக் குழாயாயின் அதை அறுக்கவோ துளையிடவோ கூடாது. அதன் தூசி நுரையீரலுக்குக் கொடிய கேடு. நனைத்து, உடைக்காமல் கழற்றவேண்டும்.

2016-ல் வந்த உஜ்வலா திட்டத்திற்குப் பின் பல வீடுகளில் அன்றாடச் சமையல் எரிவாயுவுக்கு மாறியிருக்கிறது. குளியல் வெந்நீருக்கும் கேழ்வரகுக் களிக்கும் மட்டுமே விறகு எரிக்கும் வீட்டில் மூன்று பாத்திர அடுப்பை மறுபடி கட்டுவது வீண் செலவு. புகைபோக்கியுள்ள ஒற்றைப் பாத்திர அடுப்பே போதுமானது.