பாலையில் எட்டு மாதம்

நுழையும்முன்

மனிதர் குடியேறிய இடத்தைவிட்டு விலங்குகள் அகன்றுவிடும் என்பது பொதுவான எண்ணம். ஆனால், குஜராத்தின் உப்புப் பாலையில் மனிதரும் காட்டுக்கழுதைகளும் ஒரே வெளியில் வாழ்கின்றனர். அவ்வாழ்க்கை எவ்வாறு இயல்கிறது என்பதை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

பாடம்

பண்டைத் தமிழர் நிலத்தைக் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என ஐவகையாகப் பகுத்தனர். இவற்றுள் பாலைக்கெனத் தனி நிலம் இல்லை. குறிஞ்சியும் முல்லையும் கடும் வெயிலால் வறண்ட நிலையே பாலை எனப்பட்டது. எனவே, பாலை என்பது இடத்தை மட்டுமன்றிக் காலத்தையும் குறிக்கும். இதனைக் கண்முன் காட்டும் நிலம் குஜராத் மாநிலத்திலுள்ள சிறிய கட்ச் ரண் ஆகும்.

ஏறத்தாழ 5,000 சதுர கி.மீ. பரப்புடைய இச்சமவெளி மழைக்காலத்தில் ஆழமற்ற நீர்ப்பரப்பாக மாறிவிடும். ஆறுகளின் நன்னீரும் கட்ச் வளைகுடாவிலிருந்து ஏறிவரும் கடல்நீரும் அங்கே கலக்கின்றன. மழை ஓய்ந்து நீர் வற்றியபின், வெடித்த சேறும் உப்புப் படிவும் மட்டுமே எஞ்சும். பகலில் தொலைவெங்கும் பேய்த்தேர் ஓடும்.

நீர் வற்றியதும், ரண்ணைச் சூழ்ந்துள்ள சிற்றூர்களிலிருந்து அகரியா எனப்படும் உப்பு விளைவிக்கும் மக்கள் குடும்பத்துடன் அங்கு வருகின்றனர். அக்டோபர் முதல் ஏறத்தாழ எட்டு மாதம் அவர்கள் வெட்டவெளியில் தங்குகின்றனர். மரக்கழி, சாக்குத்துணி, புல், சேறு ஆகியவற்றால் அமைத்த குடிலே அவர்களுக்கு வீடு. குடிநீர், தொட்டி வண்டியில் வருகிறது. அடுத்த வண்டி வரும்வரை அந்நீரைக் கொண்டே சமைக்கவும் குடிக்கவும் குளிக்கவும் வேண்டும். குடில்களுக்கிடையே தொலைவு மிகுதி. அதனால், கண்ணாடித் துண்டில் கதிரவன் ஒளியைப் பட்டுத் தெறிக்கச் செய்து ஒருவரையொருவர் அழைத்துக்கொள்வதும் உண்டு.

நிலத்தடியில் உள்ள உவர்நீர் கடல்நீரைவிடப் பல மடங்கு உப்பு மிக்கது. கிணறு தோண்டி அந்நீரை இறைத்துப் பாத்தி பாத்தியாகப் பாய்ச்சுகின்றனர். முன்பு இதற்கு டீசல் இயந்திரமே துணை. அண்மைக் காலத்தில் சூரிய ஆற்றலால் இயங்கும் இறைப்பான்கள் பரவியுள்ளன. பாத்தியில் படியும் உப்பு ஒரே பாறையாக இறுகிவிடாதிருக்க, மர வாரியால் அதனை நாள்தோறும் வார வேண்டும். உவர்நீரில் நின்று உழைப்போரின் பாதங்கள் இறுகி வெடிக்கின்றன. பருவம் தவறிய ஒரு மழையோ, கால்வாயிலிருந்து வழிந்துவரும் நீரோ பல மாத உழைப்பைக் கரைத்துவிடும். குழந்தைகளின் கல்விக்காக ரண்ணிலேயே கூடாரப் பள்ளிகள் நடத்தப்பட்டன; பின்னர்ப் பழைய பேருந்துகளும் வகுப்பறைகளாக மாற்றப்பட்டன.

இதே வெளியில்தான் குட்கர் என அழைக்கப்படும் இந்தியக் காட்டுக்கழுதையும் வாழ்கிறது. மணல் நிற உடலும் முதுகில் கரும்பட்டையும் கொண்ட இவ்விலங்கு மணிக்கு ஏறத்தாழ 70 கி.மீ. வேகத்தில் ஓட வல்லது. ரண்ணின் நடுவே வெள்ளம் எட்டாத மேடுகள் உள்ளன. அவற்றை ‘பேட்’ என்பர். மேடுகளில் வளரும் புல்லும் உவர்ச்செடிகளுமே குட்கரின் உணவு. தமிழ்நாட்டில் நன்கு அறியப்பட்ட சீமைக் கருவேலம் இங்கும் பரவியுள்ளது. அதன் காய்களைத் தின்னும் குட்கர், விதைகளை எச்சத்தின்வழி மேலும் பரப்பிவிடுகிறது. இருள் சூழ்ந்ததும் மந்தைகள் ரண்ணின் ஓரத்து வயல்களுக்குள் புகுவதால் உழவர்களுக்குப் பயிரிழப்பும் நேர்கிறது. ஓநாய், நரி, கழுதைப்புலி ஆகியனவும் இப்பகுதியில் திரிகின்றன. குளிர்காலத்தில் வலசைப் பறவைகள் தொலைநாடுகளிலிருந்து வந்து தங்குகின்றன.

1960களில் கொடிய நோய்களால் குட்கரின் எண்ணிக்கை சில நூறாகக் குறைந்தது. 1970களின் தொடக்கத்தில் இந்நிலம் காட்டுக்கழுதைச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2024ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 7,672 குட்கர்கள் இருந்தன. இடைப்பட்ட இத்தனை ஆண்டுகளிலும் அகரியா மக்கள் அங்கே உப்பு விளைவித்தே வந்தனர். எனினும், தலைமுறைகளாக உழைக்கும் நிலத்துக்கு அவர்களிடம் பட்டா இல்லை. சரணாலய எல்லைக்குள் யாருக்கு என்ன உரிமை என்னும் வினா நெடுங்காலமாக நீடிக்கிறது. விலங்கைக் காப்பதும் உழைப்பவரின் உரிமையைக் காப்பதும் ஒன்றுக்கொன்று பகையாக வேண்டியதில்லை. பாத்தி அமைக்கும் தரை மனிதருக்கும், புல் விளையும் மேடு விலங்குக்கும் பயன்படுகிறது. மழை வந்ததும் மனிதர் ஊர் திரும்ப, நிலம் மீண்டும் நீருக்கு உரியதாகிறது.

மும்பைக்கும் இந்நிலத்துக்கும் ஓர் உறவு உண்டு. ஆண்டுதோறும் குளிர்காலத்தில் சிவ்ரி, தாணே கழிமுகச் சேற்றுப்பரப்புகளை இளஞ்சிவப்பாக்கும் பூநாரைகள், கட்ச் ரண் உள்ளிட்ட குஜராத்தின் உவர்நிலங்களில் இனப்பெருக்கம் செய்பவை. மாட்டுங்காவுக்கும் செம்பூருக்கும் அருகிலுள்ள வடாலாவிலும் உப்பளங்கள் இருந்துள்ளன. தாணே கழிமுகத்தின் ஒரு பகுதி 2015இல் பூநாரைச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, 2022இல் ராம்சர் ஈரநிலப் பட்டியலில் இடம்பெற்றது. ரண்ணின் உவர்நிலம் அழிந்தால் மும்பையின் சேற்றுப்பரப்பும் வெறுமையாகும். வெற்றுநிலம் என ஒதுக்கப்படும் உவர்நிலம், பல உயிர்களுக்கு இல்லம் என்பதை உணர்ந்து அதனைக் காத்தல் கடமையாகும்.

சொற்பொருள்

பேய்த்தேர் – கானல்நீர்
உவர்நீர் – உப்பு நீர்
பாத்தி – வரப்பால் பகுக்கப்பட்ட சிறு நிலம்
கழிமுகம் – கடலோடு நீர் கலக்கும் இடம்

பயிற்சி

1. பாலை காலத்தையும் குறிக்கும் என்பதற்குச் சிறிய ரண் எவ்வாறு சான்றாகிறது?
2. பாத்தியில் படியும் உப்பை நாள்தோறும் வாருவது ஏன்?
3. குட்கர் சீமைக் கருவேலத்தை எவ்வாறு பரப்புகிறது?
4. பொருந்தாச் சொல்லை எடுத்து எழுதுக: குட்கர், ஓநாய், பூநாரை, நரி.
5. பிரித்து எழுதுக: வெற்றுநிலம், கரும்பட்டை.
6. ‘விலங்கும் உழைப்பவரும் ஒரே நிலத்தில் வாழ இயலும்’ என்னும் கருத்தைப் பாடச் செய்திகளைக் கொண்டு பத்து வரிகளில் விளக்குக.