பைத்தான்: எழுதியதை மீண்டும் எழுதாதீர்கள்!

பைத்தான் கற்கத் தொடங்கும் பலரும் ஒரு புரோகிராமில் எழுதிய வரிகளைக் காப்பி செய்து அடுத்த புரோகிராமில் பேஸ்ட் செய்வார்கள். நானும் அப்படித்தான் செய்தேன். அதனால் ஒரு பையன் திருட்டுப் பட்டம் வாங்க இருந்தான்.

என் மாமாவின் ரெடிமேட் துணிக் கடைக்கு மூன்று புரோகிராம்கள் எழுதிக் கொடுத்திருந்தேன். ஒன்று பில் போட, ஒன்று அன்றைய விற்பனைக் கணக்குக்கு, மற்றொன்று திரும்பி வரும் துணிக்குப் பணம் கொடுக்க. ஜி.எஸ்.டி. கணக்கிடும் வரிகளை மூன்றிலும் பேஸ்ட் செய்திருந்தேன். 2025 செப்டம்பர் 22 முதல் ஆயத்த ஆடைகளுக்கான வரி மாறியது. 2500 ரூபாய் வரை 5 சதவீதம், அதற்கு மேல் 18 சதவீதம். அதற்கு முன்பு 1000 ரூபாயைத் தாண்டினாலே 12 சதவீதம். முதல் இரண்டு புரோகிராம்களைத் திருத்தினேன். மூன்றாவதை மறந்தே போனேன்.

வரிக்கு முன் 1500 ரூபாய் விலையுள்ள சட்டை 1575க்கு விற்றது. திரும்பி வந்தபோது புரோகிராம் 1680 கொடுக்கச் சொன்னது. அந்த வாரம் நான்கு சட்டைகள் திரும்பின. "மாப்ளே, கல்லாவில் 420 ரூபாய் குறையுதுடா, பையனைக் கேட்கவா?" என்று மாமா போன் செய்தார். நல்ல வேளை, கேட்பதற்கு முன் பில்களைப் பார்த்தோம்.

இதற்குத் தீர்வுதான் மாட்யூல். பெயர் பெரிதாக இருந்தாலும் விஷயம் சிறியது. பைத்தான் வரிகள் உள்ள ஒரு பைல்தான் மாட்யூல். நோட்பேட் போன்ற எடிட்டரில் கீழ்க்கண்டவாறு டைப் செய்து, கடைவரி.பிஒய் என்ற பெயரில் சேவ் செய்திடவும். (இங்குள்ள கட்டளைகள், பெயர்கள் எல்லாவற்றையும் ஆங்கில எழுத்துகளில் டைப் செய்திட வேண்டும்.)

டெஃப் வரி(விலை):
    இஃப் விலை <= 2500:
        ரிடர்ன் விலை * 0.05
    ரிடர்ன் விலை * 0.18

மற்ற மூன்று புரோகிராம்களையும் இதே போல்டரில் வைத்திடவும். ஒவ்வொன்றின் மேலும் இந்த வரியை அமைக்கவும்:

இம்போர்ட் கடைவரி

பின் தேவைப்படும் இடத்தில் கடைவரி.வரி(1500) என்று கொடுத்தால் 75.0 கிடைக்கும். நடுவில் உள்ள புள்ளி முக்கியம். எந்த பைலில் உள்ள 'வரி' என்பதை அது சொல்கிறது. ஃப்ரம் கடைவரி இம்போர்ட் வரி என்று எழுதினால் புள்ளி இல்லாமல் வரி(1500) என்றே அழைக்கலாம். இம்போர்ட் என்பதை அடுத்து நட்சத்திரக் குறி போட்டு எல்லாவற்றையும் கொண்டு வரவும் வழி உண்டு. எனக்கு அது பிடிப்பதில்லை. எந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று ஆறு மாதம் கழித்து நமக்கே தெரியாது.

பெயர் வைப்பதில் ஒரு கண்ணி இருக்கிறது. தீபாவளிக் குலுக்கலுக்கு எண் தேர்ந்தெடுக்க ஒரு புரோகிராம் எழுதி, அதற்கு ரேண்டம்.பிஒய் என்று பெயர் வைத்தேன். உள்ளே இம்போர்ட் ரேண்டம் என்று கொடுத்தேன். பிழைச் செய்திதான் வந்தது. காரணம், இம்போர்ட் செய்யும்போது பைத்தான் பெரும்பாலும் உங்கள் புரோகிராம் உள்ள போல்டரில்தான் முதலில் தேடும். பைத்தானுடன் வரும் மாட்யூல்களை அதற்குப் பிறகே பார்க்கும். எனவே உண்மையான ரேண்டம் மாட்யூலுக்குப் பதில் என் பைலையே அது எடுத்துக் கொண்டது. 2024ல் வந்த பைத்தான் 3.13 முதல், பெயரை மாற்றிப் பாருங்கள் என்று பிழைச் செய்தியிலேயே ஆலோசனை கிடைக்கிறது. அதற்கு முந்தைய பதிப்பு வைத்திருந்தால் நீங்களேதான் கண்டுபிடிக்க வேண்டும். குலுக்கல்.பிஒய் என்று மாற்றியதும் ஓடியது.

இடையில் பைகேஷ் என்ற போல்டர் தானாகத் தோன்றினால் வைரஸ் என்று பயப்படாதீர்கள். அடுத்த முறை வேகமாக இம்போர்ட் செய்ய பைத்தான் சேமிக்கும் பைல்கள் அவை. அழித்தாலும் மீண்டும் உருவாகும்.

கடைசியாக ஒன்று. ஓடிக் கொண்டிருக்கும் புரோகிராம் ஒரு மாட்யூலை ஒரு முறைதான் படிக்கும். கடைவரி பைலைத் திருத்தி சேவ் செய்தாலும், ஏற்கெனவே திறந்திருக்கும் பில் புரோகிராம் பழைய சதவீதத்திலேயே கணக்கிடும். மாமா கடையில் காலையில் திறந்தால் இரவு வரை அதை மூடுவதில்லை. வரி மாறும் அன்று மூன்றையும் மூடிவிட்டு மீண்டும் திறக்கும்படி கல்லா அருகே ஒரு சீட்டு எழுதி ஒட்டியிருக்கிறேன்.