காவற் கேமராவில் பழுதுற்ற புள்ளிகள்

என் தந்தையார் சிறு மளிகைக்கடை நடத்தி வருகிறார். திருட்டுப் பயத்தால், சிறுகச் சேர்த்த பணத்தில் சென்ற தை மாதம் ஒரு காவற் கேமரா வாங்கினார். பத்தே நாளில் இரவுக் காட்சியில் மூன்று வெண்புள்ளிகள் தோன்றின. விற்றவரோ, "புள்ளிக்கெல்லாம் மாற்ற முடியாது தம்பி" என்று கூறிவிட்டார். இயற்பியல் மாணவனாகிய எனக்கு அதுவே பாடமாயிற்று.

ஒளியை மின்னூட்டமாக்கிப் படம் பிடிக்கும் சி.சி.டி. என்னும் சில்லினை 1969இல் பெல் ஆய்வுக்கூடத்தில் வில்லார்ட் பாயில், ஜார்ஜ் ஸ்மித் ஆகியோர் உருவாக்கினர். 2009இல் நோபல் பரிசில் பங்கு பெற்றனர். இன்றைய கேமராக்களில் பெரும்பாலும் சிமாஸ் சில்லுகளே உள்ளன. 1920க்கு 1080 என்ற அளவுள்ள படத்தில் 20,73,600 பிக்சல்கள் உண்டு. ஒரு பிக்சல் ஒளியை உணராது போனால் கரும்புள்ளி தோன்றும். ஒளியின்றியே அதில் மின்கசிவு மிகுந்தால் வெண்புள்ளி தோன்றும். வெப்பம் ஏற ஏற இக்கசிவும் பெருகும்.

பழுது எங்குள்ளது என்பதை எளிதில் அறியலாம். லென்ஸைக் கறுப்புத் துணியால் மூடிப் பதிவு செய்தேன். அப்பதிவை வேறொரு திரையில் ஓடவிட்டேன். ஒரு புள்ளி மறைந்தது. அது திரையின் குறை. இரண்டு நிலைத்தன, அவை கேமராவின் குறை. கரும்புள்ளியைக் காண வெள்ளைத்தாளைப் படம்பிடித்தால் போதும்.

ஒரு புள்ளியால் முகம் மறைந்துவிடாது என்பது உண்மையே. ஆயினும் தொலைவில் நிற்பவரின் முகம் இருபது பிக்சல் அகலமே இருக்கக்கூடும். அங்கே நாலைந்து புள்ளிகள் சேர்ந்துவிட்டால் ஆளை அடையாளம் காண்பது எங்ஙனம்?

இனி உத்தரவாதம். திரைகளில் எத்தனை புள்ளிப் பழுதுகளைப் பொறுக்கலாம் என்பதற்கு ஐ.எஸ்.ஓ. 9241-307 என்னும் தரநிலை உண்டு. அது திரைக்கே உரியது, கேமராவுக்கன்று. ஆகவே உத்தரவாத அட்டை என்ன சொல்கிறது என்பதை வாங்குமுன்பே பார்த்தல் வேண்டும். எங்கள் அட்டையில் பொருட்பழுதுக்கு ஓராண்டு உத்தரவாதம் இருந்தது; புள்ளிகளுக்கு விலக்கு ஏதுமில்லை. சித்திரை வெயிலில் இரண்டு புள்ளிகள் ஒன்பதாயின. தேதியிட்ட படங்களுடனும் ரசீதின் நகலுடனும் கடிதம் எழுதி, பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பமும் வாங்கினோம். மூன்று வாரத்தில் புதுக் கேமரா வந்தது.

வந்திராவிட்டாலும் வழி உண்டு. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வழக்கெழக் காரணம் தோன்றிய இரண்டாண்டுக்குள் மாவட்ட ஆணையத்தில் முறையிடலாம். வணிக நோக்கில் வாங்குவோர் அச்சட்டத்தில் நுகர்வோர் ஆகார். ஆயின் சுயதொழிலால் பிழைப்பு நடத்தவே வாங்குவோருக்கு அத்தடை இல்லை. என் தந்தையார் போன்ற சிறுகடைக்காரர் பலரும் இதனை அறியார்.

நண்பர்களே, உங்கள் வீட்டார்க்கு இதனை எடுத்துரையுங்கள். எங்கள் வீட்டில் அந்த ரசீது இன்று நிலப்பட்டாவோடு பெட்டியில் பத்திரமாக இருக்கிறது.