ஏரியும் கவலையும்



மழை பெய்யுமா, கடன் அடையுமா, மகளுக்கு வரன் அமையுமா என்று இராத்தூக்கம் கெட்டுக் கிடப்போர் நம்மில் பலர். கவலை என்பது யாது? வரப்போகும் ஆபத்துக்கு உடம்பு முன்னதாகவே ஆயத்தமாவதே. ஆகையால்தான் நெஞ்சு படபடக்கிறது, வயிறு கலங்குகிறது. அளவோடிருந்தால் அது நல்ல காவற்காரன். அளவு மீறினால் வீட்டாரையே தூங்கவிடாது.

நம் உத்திரமேரூர்ச் சபையார் செய்ததைப் பாருங்கள். மழை அவர்கள் கையில் இல்லை, ஏரி இருந்தது. ஆகவே குடவோலை மூலம் ஆறு பேரை ஏரி வாரியத்துக்குத் தெரிந்தெடுத்து, ஏரியை ஒப்படைத்தார்கள். கி.பி. 921-ம் ஆண்டுப் பராந்தக சோழன் கல்வெட்டு இதைச் சொல்கிறது.

நீங்களும் படுக்குமுன் உங்கள் கவலைகளை ஒரு தாளில் எழுதுங்கள். உங்கள் கையில் உள்ளதற்கு, நாளை செய்யவேண்டிய ஒரு வேலையைக் குறியுங்கள். கையில் இல்லாததை ஜெபத்தில் ஒப்படைத்துவிட்டுப் படுங்கள்.

வாரக்கணக்கில் தூக்கமும் வேலையும் கெட்டால் வைத்தியரிடம் போங்கள். காய்ச்சலுக்குப் போவது விசுவாசக் குறைவா? இதுவும் அப்படியே. அரசாங்கத்தின் 14416 என்ற தொலைபேசி எண்ணில் இரவும் பகலும் இலவசமாகப் பேசலாம். வெட்கப்பட்டு மறைத்துவைக்க வேண்டாம்.