மௌனம் தரும் மூன்று வரிகள்

எமது சஞ்சிகைக்கு வரும் கவிதைகளில் பெரும்பாலானவை இப்போது ஹைக்கூக்களாகவே இருக்கின்றன. மூன்று வரிதானே, இலகுவாக எழுதிவிடலாம் என்ற எண்ணம் மாணவிகளிடம் உண்டு. அவற்றை வாசிக்கும்போது எனக்கு ஒன்று தோன்றுகிறது. சொற்கள் இருக்கின்றன, கருத்தும் இருக்கிறது, ஆனால் எழுதியவர் எதையும் நின்று பார்த்ததற்கான அடையாளம் இல்லை. ஹைக்கூ எழுத முதலில் தேவைப்படுவது பேனா அல்ல, மௌனம் என்பதை விளக்கவே இந்தக் கட்டுரையை எழுதுகிறேன்.

ஹைக்கூ வந்த வழி

ஹைக்கூ ஜப்பானில் பிறந்தது. அங்கே அது 5, 7, 5 என மொத்தம் 17 ஒலியலகுகளைக் கொண்டது. பருவகாலத்தைச் சுட்டும் ஒரு சொல்லும், கவிதையை இரண்டாக வெட்டி நிறுத்தும் ஒரு சொல்லும் அதில் அமைவது மரபு. மட்சுவோ பாஷோ (1644–1694), யோசா பூசோன் (1716–1784), கொபயாஷி இஸ்ஸா (1763–1828) ஆகியோர் இதன் பெருங்கவிஞர்கள். ‘ஹைக்கூ’ என்ற பெயரை நிலைபெறச் செய்தவர் பின்னாளில் வந்த மசஓகா ஷிகி (1867–1902).

தமிழுக்கு இதை முதலில் அறிமுகம் செய்தவர் மகாகவி பாரதியார். 1916ஆம் ஆண்டு ‘சுதேசமித்திரன்’ பத்திரிகையில் ஜப்பானியக் கவிதை பற்றி அவர் ஒரு கட்டுரை எழுதினார். கவிக்கோ அப்துல் ரகுமான் 1974இல் வெளிவந்த ‘பால்வீதி’ தொகுப்பில் ஹைக்கூச் சாயல் கொண்ட சிறு கவிதைகளை எழுதினார். 1984இல் அமுதபாரதியின் ‘புள்ளிப் பூக்கள்’ ஹைக்கூத் தொகுப்பாகவே வெளிவந்தது. எமது நாட்டில் மலையகக் கவிஞர் சு. முரளிதரனின் ‘கூடைக்குள் தேசம்’ குறிப்பிடத்தக்கது. மஹாகவி 1966இல் வெளியிட்ட ‘குறும்பா’வைச் சில மாணவிகள் ஹைக்கூ என்று எண்ணுகிறார்கள். அது வேறு. ஐந்து அடிகளில் நகைச்சுவையோடு கதை சொல்வது குறும்பா.

பாஷோவின் குடிசை

பாஷோ எடோ நகரின் ஓரத்தில், புகாகவா என்ற இடத்தில் ஒரு குடிசையில் வாழ்ந்தார். குடிசை வாசலில் மாணவர் ஒருவர் நட்ட வாழையின் பெயரே அவருடைய புனைபெயராயிற்று. ‘பாஷோ’ என்றால் வாழை. அங்கே வாழ்ந்த காலத்தில் புச்சோ என்ற துறவியிடம் அவர் ஜென் தியானம் பயின்றார். அசையாமல் அமர்ந்து, மூச்சைக் கவனித்து, வந்து போகும் எண்ணங்களின் பின்னால் ஓடாமல் இருப்பதே அந்தப் பயிற்சி. பழைய குளத்தில் தவளை குதிக்கும் அவருடைய புகழ்பெற்ற கவிதை 1686இல் தோன்றியது. நீரின் அந்தச் சிறு சத்தம், அதைச் சூழ்ந்திருந்த அமைதி இருந்ததால்தான் கேட்டது. மரத்தைப் பற்றி எழுத விரும்பினால் மரத்திடமே போய்க் கற்றுக்கொள்ள வேண்டும் என்பதே அவர் மாணவர்களுக்குச் சொன்ன பாடத்தின் சாரம்.

இது நமக்கு ஆகுமா?

பெற்றோர் சிலர் என்னிடம் நியாயமான கேள்வியொன்றைக் கேட்டிருக்கிறார்கள். தியானம் என்பது பிற மதத்தவரின் வணக்கமல்லவா, அதை நம் பிள்ளைகளுக்கு ஏன் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பதே அது.

ஹைக்கூ ஜென் மரபுக்கு மட்டும் கட்டுப்பட்டதல்ல. இஸ்ஸா ஜென் மரபைச் சேர்ந்தவரல்லர். ஆகவே ஹைக்கூவுக்காக எவருடைய கொள்கையையும் நாம் கடன் வாங்க வேண்டியதில்லை. அதற்கு வேண்டியது கவனம். அந்தக் கவனம் நம் மார்க்கத்துக்குப் புதியதல்ல. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் நுபுவ்வத்துக்கு முன் ஹிராக் குகையில் தனித்திருந்தார்கள். வஹீயைக் கவிதையோடு ஒப்பிடுவது என் நோக்கமல்ல. தனிமையும் அமைதியும் நம் வரலாற்றில் எவ்வளவு மேலான இடத்தில் இருக்கின்றன என்பதையே சொல்கிறேன். ஆல இம்ரான் அத்தியாயத்தின் 190, 191ஆம் வசனங்களைப் பிள்ளைகள் தமிழாக்கத்தோடு ஓதிப் பார்க்கட்டும். வானம் பூமியின் படைப்பைச் சிந்திப்பவர்கள் அங்கே சிறப்பித்துப் பேசப்படுகிறார்கள். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் ‘இஹ்யா’வில் உள்ள நாற்பது நூல்களில் முப்பத்தொன்பதாவது நூல் ‘தஃபக்குர்’ எனும் சிந்தித்தலைப் பற்றியது. தமிழிலும் குணங்குடி மஸ்தான் சாகிபு (1792–1838) போன்ற சூபிக் கவிஞர்கள் தனித்திருந்து தியானித்தே பாடினார்கள். தொழுகையில் நாம் வேண்டி நிற்கும் உள்ளச்சமும் ஒருமுகப்பாடும் ஓடும் மனதுக்கு வாய்ப்பதில்லை. பத்து நிமிடம் அமைதியாக இருக்கப் பழகிய பிள்ளை எதையும் இழப்பதில்லை.

கருத்தும் காட்சியும்

சஞ்சிகைக்கு வருபவற்றைப் போன்ற ஒன்றை நானே எழுதிக் காட்டுகிறேன்.

மெழுகுவர்த்தி
தன்னை எரித்து ஒளி தருகிறது
என் உம்மா

இதில் பிழையில்லை, பாசமும் இருக்கிறது. ஆனால் இதை எழுத உம்மாவையும் பார்க்கத் தேவையில்லை, மெழுகுவர்த்தியையும் பார்க்கத் தேவையில்லை. ஏற்கெனவே கேட்ட உவமை ஒன்று மூன்றாக உடைக்கப்பட்டிருக்கிறது. அதே உம்மாவை, அதே மெழுகுவர்த்தியைப் பேசாமல் பார்த்திருந்தால் இப்படி வரலாம்.

மின்வெட்டு இரவு
உம்மாவின் விரலில்
உறைந்த மெழுகு

தியாகம் என்ற சொல் இங்கே இல்லை. வாசிப்பவர் அதைத் தாமே கண்டுகொள்கிறார். கவிஞர் மௌனமாகும் இடத்தில்தான் வாசகர் பேசத் தொடங்குகிறார்.

ஒரு பயிற்சி

கடற்கரைக்கோ காட்டுக்கோ போக வேண்டியதில்லை. சுபஹ் தொழுததும் பத்து நிமிடம் முற்றத்திலோ யன்னலோரத்திலோ இருங்கள். கைபேசி வேறு அறையில் இருக்கட்டும்.

1. முதல் மூன்று நிமிடம் கேளுங்கள். தூரத்துச் சத்தம், பக்கத்துச் சத்தம், கடைசியாக உங்கள் மூச்சு.
2. பிறகு ஒரே ஒரு பொருளைப் பாருங்கள். அது எதைப் போல இருக்கிறது என்று யோசிக்காதீர்கள். அது என்ன செய்கிறது என்று மட்டும் பாருங்கள்.
3. எழுந்த பின்னரே எழுதுங்கள். கண்டதையும் கேட்டதையும் மட்டும் குறியுங்கள். அழகு, சோகம், தனிமை போன்ற சொற்களை விட்டுவிடுங்கள்.
4. குறிப்பிலிருந்து இரண்டு காட்சிகளை எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். இடையில் விளக்கம் வேண்டாம்.

இந்தப் பயிற்சியில் எனக்குக் கிடைத்த ஒன்று:

பாங்கு ஓய்ந்தது
கிணற்று வாளியிலிருந்து
இன்னும் சொட்டும் நீர்

வாளி முன்பும் சொட்டிக்கொண்டுதான் இருந்தது. அமைதி வந்தபோதுதான் அது காதில் விழுந்தது.

பருவச் சொல்லுக்கு ஜப்பானியரின் செர்ரிப்பூ நமக்கு வேண்டாம். கச்சான் காற்று, வாடை, மாரி மழை, பெரும்போக அறுவடை, கரைவலை இழுக்கும் காலம் என்று நம் கரைக்கே உரியவை நிறைய உண்டு. நோன்பு காலம் மட்டும் வேறுவிதம். அது ஆண்டுக்கு ஏறத்தாழ 11 நாள் முன்நகர்வதால் மாரியிலும் வரும், கோடையிலும் வரும். அதைப் பாடுபவர் எந்தப் பருவத்து நோன்பு என்பதையும் காட்ட வேண்டும். மருதமுனைப் பிள்ளைகளுக்குத் தறி இருக்கிறது.

ஜும்ஆ நேரம்
ஓய்ந்த தறியின் பாவில்
சிலந்தியின் நூல்

துயரத்துக்கும் மௌனம்

இஸ்ஸாவின் மகள் 1819இல் பெரியம்மையால் இறந்தாள். அப்போது அவளுக்கு ஒரு வயது சற்றுக் கடந்திருந்தது. அந்தத் துயரத்தை அவர் பனித்துளியை வைத்து மிகச் சில சொற்களில் எழுதினார். எமது கரைக்கும் 2004 டிசம்பர் 26 இருக்கிறது. கல்முனையிலும் மருதமுனையிலும் சாய்ந்தமருதிலும் அந்த நாள் தொடாத குடும்பம் அரிது. உங்களில் பலர் அதற்குப் பிறகு பிறந்தவர்கள், வீட்டாரின் பேச்சிலும் பேசாமையிலும் அதை அறிந்தவர்கள். அதைப் பற்றி எழுதும்போது ‘கொடிய அலையே’ என்று கடலை ஏசும் கவிதைகளே அதிகம் வருகின்றன. ஏசிய பின் சொல்ல எதுவும் மிஞ்சுவதில்லை. மூத்தவர்கள் அருகில் பேசாமல் சற்று நேரம் இருந்து பாருங்கள். அவர்கள் எதைப் பார்க்கிறார்கள் என்று கவனியுங்கள்.

வாடைக்காற்று
வீடில்லாத படிக்கட்டில்
ஏறுகிறது மணல்

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளை புத்தகமும் கைபேசியும் இல்லாமல் சும்மா இருந்தால் ‘என்ன செய்றாய் மகள்?’ என்று உடனே கூப்பிட்டு வேலை கொடுக்காதீர்கள். வகுப்பு, பின்னேர வகுப்பு, பரீட்சை என்று ஓடும் அவளுக்கு அந்தப் பத்து நிமிடம் படிப்பின் ஒரு பகுதியே.

மாணவிகளே, அடுத்த இதழுக்கு ஆளுக்கு ஒரு ஹைக்கூ போதும். அதோடு அதை எங்கே, எந்த நேரத்தில் இருந்து கண்டீர்கள் என்று ஒரு வரியும் எழுதி அனுப்புங்கள். அந்த ஒரு வரியை எழுத முடியாவிட்டால், மூன்று வரிகளையும் அனுப்பாமல் இன்னொரு காலை காத்திருங்கள்.